கொழும்பில் நாய்க்குட்டி எங்கே எடுப்பது: விளம்பரம், கடை, மீட்பு அமைப்பு, ஒழுங்கைக் குட்டி?

கடலோரம்06 கேட்டது:

வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கம் கீழ்வீடு, வாடகை. பின்னால் சீமெந்து முற்றம், அதையடுத்து ஒரு பாத்தி அளவு மண், சுற்றிவர மதில். நாய் வளர்க்க வீட்டுக்காரர் எழுத்திலேயே சம்மதம் தந்துவிட்டார். 8, 11 வயதில் பிள்ளைகள் இருவர். பகலில் மாமி வீட்டில் நிற்பா.

முன்னால் நாலு வழி இருக்கிறது. ஒன்று, கம்பஹாப் பக்கம் ஒருவர் இணையத்தில் போட்ட விளம்பரம்: "லெப்ரடோர் குட்டிகள், 45 நாள், பேப்பர்ஸ் உண்டு, ஊசி போட்டது." தாயைப் பார்க்கலாமா என்றால் வீடியோ அனுப்புகிறார். முற்பணம் போட்டால் வேனில் வீட்டுக்கே வருமாம். இரண்டாவது, செல்லப்பிராணிக் கடை. மூன்றாவது, மீட்பு அமைப்புகள். நாலாவது, எங்கள் ஒழுங்கை முனையில் கட்டாக்காலி நாய் ஒன்று போட்ட 5 குட்டிகள். ஒரு மாதம் இருக்கும்.

இன்னொன்று. எங்களுக்கு முன் குடியிருந்தவர்களின் குட்டி இந்த முற்றத்தில்தான் இரத்தக் கழிச்சலில் செத்தது என்று மேல்வீட்டார் சொல்கிறார்கள். 3 மாதம் ஆகிறதாம். அதைப் பற்றி யோசிக்க வேண்டுமா?

வாங்குவது சரியா, எடுத்து வளர்ப்பது சரியா என்ற சண்டை வேண்டாம். ஒவ்வொரு வழியிலும் எதைப் பார்க்க வேண்டும், எங்கே பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

வம்சாவளி எழுதியது:

அந்த விளம்பரத்தில் உள்ள மூன்று சொல்லையும் ஒவ்வொன்றாக எடுப்போம்.

45 நாள் என்றால் ஆறரைக் கிழமை. குட்டி தாயை விட்டுப் பிரிய 8 கிழமை, அதாவது 56 நாள் ஆக வேண்டும். கடைசி இரண்டு கிழமையில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி படிக்கிறது. பலமாகக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போகும், தாய் உறுமும். அந்தப் பாடம் இல்லாமல் வரும் குட்டி அதை உங்கள் 8 வயதுப் பிள்ளையின் கையில்தான் படிக்கும். 45 நாளில் தள்ளிவிடப் பார்ப்பதன் காரணம் செலவு. ஐந்தாம் கிழமைக்குப் பிறகு பால் குறைய, எல்லாக் குட்டியும் தீனிக்கு நிற்கும், கழிச்சலும் அப்போதுதான் தொடங்கும். சொன்ன வயதையும் அப்படியே எடுக்க வேண்டாம், வாயைத் திறந்து பாருங்கள். முன் வெட்டுப்பற்கள் 4 முதல் 6 கிழமைக்குள் வந்துவிடும். கடைவாய்ப் பாற்பற்கள் 8 கிழமை அளவில்தான் நிறைந்து, மொத்தம் 28 ஆகும். பின்பக்க முரசு வெறுமையாக இருந்தால் "8 கிழமைக் குட்டி" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

பேப்பர்ஸ். பல விளம்பரங்களில் இந்தச் சொல் ஊசி அட்டையைத்தான் குறிக்கும். வம்சப் பத்திரம் வேறு. அது கெனல் அசோசியேஷன் ஒஃப் ஸ்ரீலங்கா போன்ற பதிவு அமைப்பு தரும் சான்றிதழ். தாய், தகப்பனின் பதிவுப் பெயரும் இலக்கமும், பிறந்த திகதி, நிறம், ஈன்றவரின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். குட்டிகளின் பத்திரம் இன்னும் வரவில்லை என்பது நியாயமாக இருக்கலாம், ஆனால் தாயின் பத்திரம் கையில் இல்லை என்பதற்கு நியாயம் கிடையாது. தாய்க்கு மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்கமும் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்கேனர் உள்ள மிருக வைத்தியரிடம் ஒரு நிமிட வேலை. பத்திரம் வம்சத்துக்குத்தான் சாட்சி, உடம்புக்கு அல்ல. லெப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட், ரொட்வைலர் மூன்றிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே அறிக்கையைக் கேளுங்கள். கேட்காமலே எடுத்துக் காட்டும் ஆள் கிடைத்தால் விலை பேசாமல் வாங்கலாம்.

இடையில் ஒன்று: "லயன் பொமரேனியன்" என்று ஓர் இனம் பதிவில் கிடையாது. "டபுள் கோட் ஷெப்பர்ட்" என்று கூடுதல் விலை கேட்பார்கள். ஷெப்பர்ட் எல்லாவற்றுக்குமே இரட்டை உரோமம்தான். அவர்கள் விற்பது நீள உரோமம்.

இனித் தாய். வீடியோவில் அல்ல, குட்டிகள் கிடக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும். பால் கொடுத்த தாய் மெலிந்து, உரோமம் உதிர்ந்து, முலை தொங்கித்தான் இருக்கும். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கொழுகொழுவென்று பளபளக்கும் நாயைத் தாய் என்று காட்டினால் வயிற்றைப் பாருங்கள். முலை இழுபடவில்லை என்றால் அது தாயல்ல. தகப்பன் அங்கே இல்லாதது குற்றமில்லை, நல்ல கடுவனை வெளியில் தேடிப்போய்ச் சேர்ப்பதுதான் வழக்கம். ஒரே வளவில் நாலு இனத்தில் குட்டிகள் ஒரே நேரத்தில் கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தாய்க்குக் கடைசி ஈற்று எப்போது என்றும் கேளுங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் விடாமல் குட்டி எடுக்கும் இடத்தில் தாயும் தேய்ந்திருக்கும், குட்டிகளும் நோஞ்சானாக இருக்கும்.

குட்டியைத் தூக்கிப் பார்க்கும்போது முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் கொக்கிப்புழு. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தாலும் புழுதான். தொப்புளில் மெத்தென்று புடைப்பு இருந்தால் குடலிறக்கம். சிறிதென்றால் கருத்தடையோடு சேர்த்துத் தைக்கலாம், பெரிதென்றால் விலையில் குறையுங்கள். கடுவன் என்றால் 8 கிழமையில் இரண்டு விதையும் இறங்கியிருக்க வேண்டும். வால் அடியில் ஈரமோ கறையோ இருந்தால் அந்த ஈற்றையே விட்டுவிடுங்கள், அந்த ஒரு குட்டியை மட்டுமல்ல.

முற்பணம் பார்த்த பிறகுதான். பற்றுச்சீட்டில் தாயின் பதிவு இலக்கமும், 10 நாளுக்குள் பார்வோ (குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல் தரும் வைரஸ் நோய்) என்று மிருக வைத்தியர் உறுதிப்படுத்தினால் பணம் திருப்பித் தரப்படும் என்ற வரியும் இருக்கட்டும். வேன் வேண்டாம். பல வீட்டுக் குட்டிகளை ஒன்றாக ஏற்றும் வண்டியும் பல ஈற்றுகளை ஒரே கூட்டில் வைக்கும் கடையும் நோய் விஷயத்தில் ஒன்றுதான். கடைக்கு இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. தாயைக் காட்ட முடியாத இடம்.

*

மருந்துப்பெட்டி எழுதியது:

முற்றத்தை யோசிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். முதலில் யோசிக்க வேண்டியதே அதுதான். குட்டியும் இரத்தக் கழிச்சலும் என்றால் பெரும்பாலும் பார்வோ. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லை. அதனால் சவர்க்காரமோ வீட்டில் பாவிக்கும் டெட்டோலோ இதைக் கொல்லாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பல மாதம், ஒரு வருடம்கூட இருக்கும். உங்கள் மண்பாத்திக்கு 3 மாதம் ஒன்றுமேயில்லை.

சீமெந்தைச் சுத்தம் செய்யலாம். முதலில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் தும்புத்தடியால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச்சின் வலு அதிலேயே போய்விடும். பிறகு வீட்டு உபயோக பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு. 5 லீட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 165 மில்லிலீட்டர். ஊற்றி 10 நிமிடம் காயாமல் ஈரமாக நிற்க வேண்டும், பிறகு கழுவி விடுங்கள். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். வெயிலில் வைத்த போத்தலில் வலு இருக்காது. கழிவறைக்கு ஊற்றும் அசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். முந்திய குட்டியின் கோப்பை, சாக்கு, கயிறு ஏதும் மிஞ்சிக் கிடந்தால் எறியுங்கள். மண்ணில் பிளீச் வேலை செய்யாது. பாத்தியின் மேல் சீமெந்துக் கல் பரப்புங்கள், அல்லது கம்பி வலை அடித்து மறியுங்கள்.

இவ்வளவும் செய்தாலும், ஊசி முடியாத குட்டியை அந்த முற்றத்தில் விட வேண்டாம். ஊசி முடிவது எப்போது என்பதில்தான் பலரும் பிழைவிடுகிறார்கள். முதல் ஊசி 6 முதல் 8 கிழமையில், பிறகு 3 அல்லது 4 கிழமைக்கு ஒன்று, கடைசி ஊசி 16 கிழமையிலோ அதற்குப் பிறகோ. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் இருக்கும்வரை அது ஊசியையும் முறித்துவிடும். அது எந்தக் குட்டியில் எந்தக் கிழமை தீரும் என்று வெளியில் தெரியாது. அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். "ஊசி போட்டது" என்ற 45 நாள் குட்டிக்கு நடந்தது தொடக்கம் மட்டுமே. அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபல், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, மிருக வைத்தியரின் ஒப்பமும் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும். பேனையால் திகதி மட்டும் எழுதியிருந்தால் அது ஊசியாகக் கணக்கில்லை. முதலில் இருந்து தொடங்குங்கள். இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியது. பொலித்தீன் பையில் கொண்டுவந்து வீட்டில் குத்தியதற்கு யாரும் பொறுப்பில்லை.

லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல் மருந்து சேர்ந்த ஊசியைக் கேட்டு வாங்குங்கள். கொழும்பின் கானும் எலியும் தெரிந்ததுதானே. எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயின் சிறுநீரால் மனிதருக்கும் வரும். அதற்கு 2 முதல் 4 கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடாவருடம். விசர்நாய்த் தடுப்பூசி 3 மாதமளவில், பிறகு ஆண்டுதோறும். அரசாங்க முகாம்களில் அது இலவசம்.

பூச்சி மருந்து 2 கிழமை வயதில் தொடங்கி 12 கிழமைவரை 2 கிழமைக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம்வரை மாதம் ஒன்று. அளவு நிறையைப் பார்த்து. கண்மதிப்பில் கொடுக்க வேண்டாம். இங்கே உள்ள கொக்கிப்புழுக்களில் ஒன்றுக்கு நாட்டின் பழைய பெயரே விஞ்ஞானப் பெயராக இருக்கிறது, அங்கிலோஸ்டோமா சிலானிக்கம். அது மனிதரின் குடலிலும் வளரும். பிள்ளைகள் அந்தப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம்.

குட்டி வந்த முதல் 10 நாளும் கண் வைத்திருங்கள். பார்வோ தொற்றி 3 முதல் 7 நாளில் வெளிப்படும். முதல் அடையாளம் கழிச்சல் அல்ல. ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மூலையில் படுக்கும். பிறகு சத்தி, அதன்பிறகுதான் நாற்றமுள்ள இரத்தக் கழிச்சல். சாப்பாட்டை விட்ட அன்றே கொண்டு போனால் மலத்தில் 10 நிமிடப் பரிசோதனை செய்வார்கள். சத்தி எடுக்கும் குட்டிக்கு வாயால் ஜீவனி பருக்கிப் பிரயோசனமில்லை, சேலைன் ஏற்ற வேண்டும். மனிதருக்கான கழிச்சல் குளிசை கொடுக்க வேண்டாம். போகும் வழியில் குட்டி துவண்டால் சீனிப்பாணி கொஞ்சம் முரசில் தடவுங்கள். சின்னக் குட்டிக்குச் சீனி சட்டென்று இறங்கிவிடும்.

உண்ணி இங்கே பன்னிரண்டு மாதமும் உண்டு. நாயில் காண்பது கொஞ்சம்தான், மிச்சம் மதில் வெடிப்பில் இருக்கும். வெடிப்புகளைச் சாந்து பூசி அடையுங்கள். மாதக் குளிசைகள் பலவும் 8 கிழமை வயதும் 2 கிலோவும் கடந்த பிறகே. உண்ணிக் காய்ச்சலில் முரசு வெளுக்கும், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும்.

*

ஒழுங்கைக்_காவல் எழுதியது:

மருந்துப்பெட்டி சொன்னதற்குப் பிறகு ஒழுங்கைக் குட்டிகளைப் பார்த்தால் விடை தானாக வருகிறது: ஒரு மாதக் குட்டியை இப்போது உங்கள் முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆனால் இப்போதே செய்ய வேண்டியது இருக்கிறது. தாய்க்கு இரண்டு வேளை சாப்பாடு வையுங்கள், பால் நிற்கும். குட்டிகளுக்குப் பூச்சி மருந்து இன்றே கொடுக்கலாம், முதல் ஊசி ஆறாம் கிழமையில் அந்த இடத்திலேயே. மனிதரோடும் சத்தத்தோடும் பழகும் காலம் 3 முதல் 14 கிழமை. தினமும் 10 நிமிடம் கையில் எடுத்து, காது, கால், வாய் தொட்டுப் பழக்குங்கள். 14 கிழமைக்குப் பிறகு பிடிக்கும் கட்டாக்காலிக் குட்டி வாழ்நாள் முழுக்க அந்நியரைக் கண்டால் ஒதுங்கும், சில கடிக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது சரிவராது.

குட்டிகள் பால் மறந்து 2 கிழமை ஆனதும் தாய்க்குக் கருத்தடை செய்வியுங்கள். இல்லாவிட்டால் சில மாதத்தில் மறுபடி பருவம், அதிலிருந்து 63 நாளில் இன்னொரு ஈற்று. நாய்களைப் பிடித்துக் கொல்லும் பழைய முறை 2006இல் நிறுத்தப்பட்டது. அதிலிருந்து பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்தில் விடுவதுதான் வழி. காது நுனியில் சிறு வெட்டு இருந்தால் ஏற்கெனவே செய்தாயிற்று என்று அர்த்தம். நல்லெண்ணத்தில் மறுபடி வயிற்றைக் கிழிக்கக் கொண்டு போகாதீர்கள்.

மீட்பு அமைப்பு என்றால் எம்பார்க் போன்ற பெயர் தெரிந்த இடங்கள் இருக்கின்றன, தங்கள் வீட்டிலேயே வைத்துப் பராமரித்துக் கொடுக்கும் தனியாட்களும் இருக்கிறார்கள். தனியாள் வீட்டில் வளர்ந்த குட்டி எனக்கு ஒரு படி மேல். மிக்ஸி, தொலைக்காட்சி, வேலைக்கார அக்காவின் தும்புத்தடி எல்லாம் அதற்குப் பழக்கம். கூட்டமான காப்பகத்தில் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது வந்தது, எத்தனை நாள் மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைத்தீர்கள், இந்த மாதம் பார்வோவோ டிஸ்டெம்பரோ வந்ததா. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் மோசமான சாமான். மூக்குச்சளியும் கண்பீளையும் ஆறிப் பல கிழமை கழித்து வலிப்பு வரலாம். கண்பீளை உள்ள குட்டியை "சின்னத் தடிமன்தான்" என்று தந்தால் எடுக்காதீர்கள்.

அவர்கள் வீட்டைப் பார்க்க வருவார்கள், கோபிக்க வேண்டாம். பார்ப்பது கேற்றின் கீழ் இடைவெளி, மதில் உயரம், சங்கிலி கட்டிய அடையாளம். ஒப்பந்தத்தில் கருத்தடை, சங்கிலியில் கட்டாமை, வளர்க்க முடியாவிட்டால் தங்களிடமே திருப்பித் தருவது ஆகிய மூன்றும் இருக்கும். ஒரு கேள்வியும் இல்லாமல் பெட்டியில் போட்டுத் தருகிறவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டையைத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சந்தையிலும் விகாரை வாசலிலும் கொண்டுவந்து விடப்படுவது பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள்தான், அதனால் தெரிவும் அங்கேதான் அதிகம். கருத்தடை முடிந்தால் காவலிலோ குணத்திலோ குறைவில்லை, கடுவனைப் போல ஊர் சுற்றுவதும் இல்லை. ஊர்நாய் வளர்ந்தால் பெரும்பாலும் 12 முதல் 20 கிலோ, குட்டை மயிர், இந்தப் புழுக்கத்துக்குப் பிறந்த உடம்பு. ஒரே ஈற்றில் இரண்டு எடுக்கும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தே வளரும், உங்களிடம் ஒன்றும் படிக்காது.

சொறி கண்டு பயப்பட வேண்டாம். கடும் அரிப்போடு காது விளிம்பில் தொடங்குவது மனிதருக்கும் கொஞ்ச நாள் தடிப்பைத் தரும். அரிப்பில்லாமல் வட்டம் வட்டமாக மயிர் கொட்டுவது பெரும்பாலும் தொற்றாது. இரண்டுக்கும் இப்போது குளிசை உண்டு. கழித்த எஞ்சின் ஒயிலைப் பூசச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். நாய் அதை நக்கி நக்கி ஈரலைக் கெடுத்துக்கொள்ளும். வளர்ந்த கட்டாக்காலியின் மறைவிடத்தில் இரத்தம் கசிந்தால் அது தொற்றும் கட்டி. கிழமைக்கு ஒன்றாக 4 முதல் 6 வின்கிரிஸ்டின் (புற்றுநோய் மருந்து) ஊசியில் பெரும்பாலும் முற்றாக மாறும்.

பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: ஒழுங்கைக் குட்டியின் பல்லோ நகமோ பட்டு இரத்தம் வந்தால் ஒளிக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலை. 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் விசர் வரும். நாய் செத்தால் புதைக்க முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். பரிசோதிப்பது பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம்.

*

கடலோரம்06 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கம்பஹாக்காரருக்கு முற்பணம் போடவில்லை. ஒழுங்கைத் தாய்க்குச் சாப்பாடு வைக்கத் தொடங்கியாயிற்று. இப்போது இன்னொரு யோசனை: முற்றம் இப்படி என்றால் ஊசி எல்லாம் முடிந்த வளர்ந்த நாயே பாதுகாப்பு அல்லவா? "வெளிநாடு போகிறோம், நல்ல வீடு தேவை" என்று 3, 4 வயது லெப்ரடோர்கள் பேஸ்புக்கில் அடிக்கடி வருகின்றன. இலவசம் என்பதே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

*

இரண்டாம்வீடு எழுதியது:

உங்கள் முற்றத்துக்கு இதுதான் பொருத்தம். மாமிக்கும் குட்டியின் பின்னால் துடைத்துத் திரியும் வேலை மிச்சம். இலவசம் என்பதற்காகப் பயப்பட வேண்டாம், பயணத் திகதியைக் கேளுங்கள். விசா, விமானம், திகதி என்று தெளிவாகச் சொன்னால் காரணம் உண்மை. "சீக்கிரம் போகிறோம்" என்று இழுத்தால் கடி, குரைப்பு, அயலவர் முறைப்பாடு ஏதோ ஒன்று பின்னால் நிற்கிறது.

ஒருமுறை பார்த்து முடிவெடுக்க வேண்டாம், இரண்டு முறை போங்கள். முதல்முறை சாப்பாட்டு நேரத்துக்கு. உரிமையாளர் கோப்பைக்குக் கிட்டப் போகட்டும். நாய் உடம்பை விறைத்து, வாயை எடுக்காமல் வேகமாக விழுங்கினாலோ உறுமினாலோ 8 வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். இரண்டாம்முறை பிள்ளைகளோடு போய், கயிற்றில் தெருவுக்கு எடுத்துச் செல்லுங்கள். உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாதபோது எப்படி நிற்கிறது, மோட்டார் சைக்கிளைக் கண்டு பாய்கிறதா, பூனையைக் கண்டால் என்ன செய்கிறது. வெடிக்குப் பயமா என்றும் கேளுங்கள். ஏப்ரலும் தீபாவளியும் வெள்ளவத்தையில் சின்னச் சத்தமில்லை. வெடிச் சத்தத்தில் மதில் பாய்ந்து தொலையும் நாய்கள் கொழும்பில் கொஞ்சமல்ல.

உடம்பைப் பற்றி. எங்கள் ஊரில் நாயைப் பகல் முழுக்கக் கூட்டில் அடைத்து இரவில் திறப்பது வழக்கம். முழங்கையில் தடித்த காய்ப்பும் சூம்பிய பின்தொடையும் அதைக் காட்டிக்கொடுக்கும். படுத்த இடத்திலிருந்து எழும்பும்போது முன்காலால் உடம்பை இழுத்து எழும்புகிறதா, ஓடும்போது பின்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரிக் குதிக்கிறதா என்று பாருங்கள். இடுப்பு மூட்டுக்கு அதுவே முதல் அடையாளம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். சோறும் கோழிக்கழுத்தும் போட்டு 40 கிலோவுக்கு ஏற்றிய லெப்ரடோர்கள் ஏராளம். மெலிய வைக்கலாம், ஆனால் மூட்டு அதற்குள் போயிருக்கும். காதை முகர்ந்து பாருங்கள். தொங்கும் காதும் கடற்காற்று ஈரமும் சேர்ந்தால் காதழற்சி திரும்பத் திரும்ப வரும், மருந்துச் செலவும் கூடவே வரும். கருத்தடை செய்யாத பெட்டை என்றால் கடைசிப் பருவம் எப்போது என்று கேளுங்கள். பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை விட்டால் கர்ப்பப்பையில் சீழ். அது உடனடிச் சத்திரசிகிச்சை.

ஊசிப் புத்தகம் வருடாவருடம் தொடர்ச்சியாக இருக்கிறதா பாருங்கள். இடையில் இரண்டு வருடம் விட்டிருந்தால் வந்ததும் ஊசி போடுவியுங்கள். இரத்தப் பரிசோதனை ஒன்று செய்வியுங்கள்: முழு எண்ணிக்கை, குறிப்பாகக் குருதிச் சிறுதட்டு, கூடவே கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. குருதிச் சிறுதட்டு குறைந்திருந்தால் உண்ணியால் வரும் ஏர்லிக்கியா உள்ளே ஒளிந்திருக்கலாம். அதற்கு 4 கிழமை டொக்ஸிசைக்ளின். காய்ச்சல் இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும் நோய் அது. நுளம்பால் பரவும் இழைப்புழுவும் இங்கே நாய்களில் சாதாரணம். அதன் குஞ்சுகள் அதே கண்ணாடித் தகட்டில் தெரியும்.

கொண்டுவரும்போது பழைய வீட்டுச் சாப்பாட்டில் 2 கிழமைக்குப் போதுமானதும், அது படுத்த துணியும் கழுவாமல் வேண்டும். சாப்பாட்டை 7 நாளில் கால்வாசி கால்வாசியாக மாற்றுங்கள். முதல் 2 கிழமையும் கேற் திறக்கும்போது நாய் கயிற்றில் இருக்க வேண்டும், கழுத்துப் பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கம். வளர்ந்த நாய் பழைய வீட்டைத் தேடிப் புறப்படுவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். பதிவும் மறக்க வேண்டாம். நாய்களைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901இலிருந்தே இருக்கிறது. விசர்நாய்த் தடுப்பூசிச் சான்றோடு கொழும்பு மாநகர சபையின் மிருக வைத்தியப் பிரிவை நாடுங்கள். தெஹிவளைப் பக்கம் வீடு மாறினால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை.

*

மருந்துப்பெட்டி எழுதியது:

வளர்ந்த நாய் நல்ல முடிவு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒழுங்கைக் குட்டிகளைத் தொட்டுவிட்டு வரும் செருப்பும் உடுப்பும் வாசலோடு நிற்கட்டும். புது நாயின் புத்தகத்தில் ஊசி விடுபட்டிருந்தால், அதைப் போட்டு 2 கிழமை ஆகும்வரை அந்தக் குட்டிகளோடு சேர விடாதீர்கள்.

*

வம்சாவளி எழுதியது:

பத்திரமுள்ள லெப்ரடோர் கிடைத்தால் உரிமை மாற்றப் படிவத்தில் பழைய உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். மைக்ரோசிப் எங்கே பதிந்திருக்கிறதோ அங்கேயும் உங்கள் பெயரும் இலக்கமும் ஏற வேண்டும். இரண்டையும் அவர்கள் கட்டுநாயக்காவுக்குப் புறப்பட முதல் கிழமையே முடித்து வையுங்கள். போன பிறகு வட்ஸ்அப்பில் "நாளைக்கு அனுப்புகிறேன்" என்ற பதில்தான் வரும்.